யாழ், வீணை பற்றிய நூல்கள்

யாழ், வீணை பற்றிய நூல்கள் என்பன தமிழகத்தின் நரம்பிசைக் கருவிகளையும் அவற்றை இசைத்த கலைஞர்களையும் குறித்து எழுந்த இலக்கியங்கள், இலக்கணங்கள், உரைகள், ஆராய்ச்சி நூல்கள், வாழ்க்கை வரலாறுகள் ஆகியனவாகும். இவற்றுள் யாழ் பற்றிய நூல்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. வீணை, வயலின், தம்புரா ஆகியவை இன்றும் இசைக்கப்படுவதால் அவற்றைப் பற்றிய நூலைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலும். யாழோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்துவிட்டது. சங்ககால யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. அதன் வடிவம், நரம்புகளின் எண்ணிக்கை, சுருதி கூட்டும் முறை, அதை மீட்டியவர்களின் வாழ்க்கை ஆகிய அனைத்தையும் பெரும்பாலும் நூல்களிலிருந்தே அறிய வேண்டியுள்ளது. அந்நூல்களும் ஒரு காலத்தில் ஏட்டுச் சுவடிகளாக அழியும் நிலையில் இருந்தன.

இக்கட்டுரை அந்நூல்களுள் முதன்மையானவற்றையும், அவை ஒன்றோடொன்று மாறுபடும் இடங்களையும், புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் பின்பற்றத்தக்க வரிசையையும் விளக்குகிறது.

குன்னமும் பதிப்பு வரலாறும்

பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குன்னம் என்னும் ஊருக்கு இந்நூல்களின் வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் (1855 - 1942) இளமையில் தம் குடும்பத்துடன் அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் தங்கித் தமிழ் பயின்றார். இவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் ஓர் இசைக் கலைஞர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி இராமாயணப் பிரசங்கம் செய்து, ஊர் மக்கள் அளிக்கும் நெல்லையும் பணத்தையும் கொண்டு குடும்பத்தை நடத்தினார். உடையார்பாளையம் ஜமீன்தார்களால் ஆதரிக்கப்பட்ட கனம் கிருஷ்ணையரிடம் அவர் இசை பயின்றவர். உடையார்பாளையம் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது.

மகனும் இசையில் தேர வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்ற காலத்தில், சாமிநாதையர் அவ்வூரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிலகாலம் இசையும் பயின்றார். ஆசிரியர் அதனை அவ்வளவாக விரும்பவில்லை என்று அறிந்தபின் இசைப் பயிற்சியைக் கைவிட்டார். தந்தையாருக்கு இது வருத்தம் அளித்தது. இசையை விட்டுத் தமிழைத் தேர்ந்த அந்த மாணவரே பின்னாளில் சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892) ஆகியவற்றை உரையுடன் பதிப்பித்தார். யாழைப் பற்றி இன்று அறியப்படும் செய்திகளுள் பெரும்பகுதி இம்மூன்று நூல்களிலும் அவற்றின் உரைகளிலுமே உள்ளது.

சாமிநாதையரின் தன்வரலாறான என் சரித்திரம் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடன் இதழில் தொடராக வெளிவந்து, 1950இல் நூலாக வெளியிடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் குன்னம், அரியலூர் போன்ற ஊர்களில் இசைக் குடும்பங்கள் எவ்வாறு வாழ்ந்தன, யாரை நம்பி வாழ்ந்தன என்பதை இந்நூல் விரிவாகக் காட்டுகிறது. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர் ஆகிய மூவரைப் பற்றி அவர் எழுதிய வரலாறுகள் சங்கீத மும்மணிகள் என்ற பெயரில் அறியப்படுகின்றன. இம்மூவரும் வாய்ப்பாட்டுக் கலைஞர்களே. எனினும் அக்காலத்து இசையுலகைப் புரிந்துகொள்ள இவ்வரலாறுகள் பெரிதும் உதவும்.

சங்க இலக்கியத்தில் யாழ்

பத்துப்பாட்டில் அடங்கிய ஆற்றுப்படை நூல்கள் யாழைப் பற்றி அறிய முதலில் படிக்க வேண்டியவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞனை வள்ளலிடம் செல்லுமாறு வழிகாட்டுவது ஆற்றுப்படையின் பொருள். எனவே இந்நூல்களில் கருவியும் அதை இசைப்பவரின் பசியும் ஒருங்கே பேசப்படுகின்றன.

கரிகால் சோழனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை, யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக உவமையுடன் விளக்குகிறது. அவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

• பத்தர்: ஒலியைப் பெருக்கும் அடிப்பகுதி. மானின் குளம்பு பதிந்த தடம்போல நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்தது.
• போர்வை: பத்தரின்மேல் இழுத்துத் தைக்கப்பட்ட தோல். இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றின்மேல் உள்ள மென்மயிர் ஒழுங்கு இதற்கு உவமை.
• ஆணி: போர்வையை இறுக்க முடுக்கப்பட்டது. வளையில் வாழும் நண்டின் கண் போன்றது.
• வறுவாய்: எட்டாம் நாள் பிறை வடிவினது, உள்நாக்கு இல்லாத வாய்.
• மருப்பு: தலை உயர்த்திய பாம்புபோல் வளைந்து நிற்கும் தண்டு. கோடு எனவும் வழங்கும்.
• திவவு: நரம்புகளை மருப்பில் இறுக்கும் வார்க்கட்டு. கரிய பெண்ணின் முன்கையில் அணிந்த வளையல்களைப் போன்றது.
• நரம்பு: குற்றம் நீங்கியது. குத்திய தினை அரிசியைப் போன்றது.

இவ்வருணனையில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, மருப்பு பாம்பைப்போல் மேல்நோக்கி வளைகிறது என்பது. இரண்டாவது, வீணையில் உள்ளது போன்ற மெட்டுகள் எவையும் குறிப்பிடப்படவில்லை என்பது. ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்திற்கு உரியதாய், வில்லில் கட்டிய நாண்கள் போல இக்கருவியில் அமைந்திருந்தது என்ற முடிவுக்கு அறிஞர்கள் வருவதற்கு இத்தகைய குறிப்புகளே அடிப்படை. அமராவதி முதலிய இடங்களின் பழஞ்சிற்பங்களில் காணப்படும் வில்வடிவக் கருவிகளும் இதற்குத் துணைநிற்கின்றன.

சிறுபாணாற்றுப்படை சிறிய யாழை இசைக்கும் பாணரையும், பெரும்பாணாற்றுப்படை பேரியாழை இசைக்கும் பாணரையும் முன்னிலைப்படுத்துகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். குழல் ஊதிச் சலித்த அவன், குமிழ மரத்தின் உட்டுளை உள்ள கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டித் தானே வில்யாழ் செய்து இசைக்கிறான். வேட்டுவரின் வில்லிலிருந்து யாழ் தோன்றியிருக்கலாம் என்ற கருத்தை எடுத்துரைப்போர் இப்பகுதியைச் சான்றாகக் காட்டுவர்.

சிலப்பதிகாரமும் சீவக சிந்தாமணியும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் நாட்டிய அரங்கேற்றத்தை விவரிக்கிறது. அதில் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோருக்குரிய தகுதிகள் வரையறுக்கப்படுகின்றன. யாழாசிரியனைப் பற்றிய பகுதி நரம்புகளில் பண் பிறக்கும் முறையைச் சொல்வதால் மிகவும் செறிவானது, உரையின்றிப் பொருள் விளங்காதது. கானல்வரியில் கோவலனும் மாதவியும் மாறிமாறி யாழ் மீட்டிப் பாடுகின்றனர். அப்பாடல்களைக் கொண்ட ஐயமே இருவரையும் பிரிக்கிறது.

இந்நூலுக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை யாழ் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. அவர் நான்கு வகை யாழ்களையும் அவற்றின் நரம்புத் தொகையையும் தருகிறார்.

• பேரியாழ்: 21 நரம்புகள்
• மகரயாழ்: 19 நரம்புகள்
• சகோடயாழ்: 14 நரம்புகள்
• செங்கோட்டியாழ்: 7 நரம்புகள்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகம், கருவி செய்வோர்க்குப் பயன்படும் செய்திகளைத் தருகிறது. இசைப்போட்டியில் தன்னை வெல்பவனையே மணப்பதாகக் கூறிய காந்தருவதத்தையுடன் சீவகன் போட்டியிடுகிறான். கொண்டுவரப்பட்ட யாழ்களை அவன் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்றது, ஒன்றின் மரம் அழுகியது, ஒன்று இடி விழுந்தது, ஒன்று வெந்தது என்று குற்றம் கூறுகிறான். நரம்பின் முறுக்கினுள் மயிர் இருப்பதையும் எடுத்துக் காட்டுகிறான். மரத்தின் தன்மையும் நரம்பின் தூய்மையுமே ஒலியைத் தீர்மானிக்கின்றன என்ற அறிவு அக்காலத்திலேயே தெளிவாக இருந்தது என்பதை இதனால் அறியலாம். இக்காப்பியத்தில் யாழ், வீணை என்னும் இரு சொற்களும் ஆளப்படுகின்றன. பிற்காலத்தில் எழுந்த விவாதங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியபுராணமும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும்

யாழ் இசைத்த ஒரு கலைஞரின் வரலாற்றைத் தொடர்ச்சியாக அறிய விரும்புவோர் சேக்கிழாரின் பெரியபுராணத்தைப் படிக்கலாம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்நூல் அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவராகத் திருநீலகண்ட யாழ்ப்பாணரைப் போற்றுகிறது. இவர் விருத்தாசலத்தை அடுத்த திருஎருக்கத்தம்புலியூரில் பிறந்தவர். இவ்வூர் தற்போது இராசேந்திரப்பட்டினம் எனப்படுகிறது. திருஞானசம்பந்தருடன் ஊர்தோறும் சென்று, அவர் பாடிய பதிகங்களை யாழில் இசைத்தார். இவருடைய மனைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் பாடினார்.

இவ்வரலாற்றில் மூன்று நிகழ்ச்சிகள் கருவியைப் பற்றியும் கலைஞரின் நிலையைப் பற்றியும் ஒருசேரப் பேசுகின்றன. மதுரைக் கோயிலில் பாணர் தரையில் அமர்ந்து இசைத்தபோது, நிலத்தின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளரும் என்று வானில் ஓர் ஒலி எழுந்து, அவருக்குப் பலகை இடப்பட்டது. ஈரத்தால் நரம்பு தளர்ந்து சுருதி கலையும் என்ற நடைமுறை அறிவு இக்கதைக்குள் உள்ளது. திருவாரூரில் இவர் உள்ளே செல்லத் தனி வாயில் ஒன்று வடதிசையில் வகுக்கப்பட்டது. இசையால் போற்றப்பட்டவரும் பொது வாயிலால் செல்லவில்லை என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. மூன்றாவது நிகழ்ச்சி தருமபுரத்தில் நடந்தது. சம்பந்தரின் பதிகங்களுக்குச் சிறப்பு பாணரின் யாழால் வந்தது என்று அவருடைய உறவினர் கூற, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைச் சம்பந்தர் பாடினார். அதை இசைக்க முடியாமல் பாணர் யாழை உடைக்க முற்பட்டபோது சம்பந்தர் தடுத்தார். அப்பதிகம் யாழ்மூரி எனப்படுகிறது.

பின்னாளில் தேவாரப் பதிகங்களின் பண்முறை மறக்கப்பட்டிருந்தபோது, திருஎருக்கத்தம்புலியூரில் இந்த யாழ்ப்பாணர் மரபில் பிறந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்கள் அமைக்கப்பட்டன என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஏடுகள் சொற்களைக் காத்தன, இசையை ஒரு குடும்பத்தின் நினைவே காத்தது என்பது இதன் கருத்து.

கருணாமிர்த சாகரம்

கருணாமிர்த சாகரம் என்பது ஆபிரகாம் பண்டிதர் (1859 - 1919) எழுதி 1917இல் வெளியிட்ட பெருநூலாகும். தென்காசிப் பகுதியில் உள்ள சாம்பவர் வடகரையில் பிறந்த பண்டிதர், தஞ்சாவூரில் சித்த மருத்துவராக விளங்கினார். மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகளை நடத்தினார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டிலும் தம் கருத்துகளை முன்வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட இந்நூல் அவருடைய சொந்த அச்சகத்திலேயே அச்சிடப்பட்டது. இரண்டாம் பகுதி அவருடைய மறைவுக்குப் பின் 1946இல் வெளிவந்தது.

ஒரு தாயியில், அதாவது ஓர் எண்மத்தில், 24 சம அளவான சுருதிகள் உண்டு என்பது பண்டிதரின் முடிவு. வடமொழி இசைநூல்களின் வழியில் 22 சுருதிகள் என்று கொண்டோரை அவர் கணக்குகளுடன் மறுத்தார். பல அறிஞர்களின் கணக்குகளை அட்டவணைகளாக எடுத்துக் காட்டி, ஒவ்வொன்றையும் ஆராய்வதால் நூல் நீண்டுவிட்டது. எனவே புதிதாகப் படிப்போர் முழுவதையும் வரிசையாகப் படிப்பதைவிட, சிலப்பதிகார இசைப்பகுதிகளை விளக்கும் இடங்களை முதலில் படிப்பது நன்று.

யாழ் நூல்

யாழ் நூல் என்பது விபுலாநந்த அடிகள் (1892 - 1947) எழுதிய ஆராய்ச்சி நூலாகும். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவில் பிறந்த இவருடைய இயற்பெயர் மயில்வாகனன். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்று, அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றிய பின் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அறிவியல், தமிழ் ஆகிய இரண்டிலும் பெற்ற பயிற்சி இந்நூலில் தெளிவாகத் தெரிகிறது.

இந்நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்னும் ஏழு இயல்களை உடையது. அரங்கேற்று காதையின் யாழாசிரியன் பகுதியை மையமாகக் கொண்டு, இலக்கியக் குறிப்புகளிலிருந்து யாழின் உறுப்புகளை மீட்டெடுத்தும், கணித முறையால் நரம்புகளின் சுர அளவுகளைக் கணக்கிட்டும் அடிகள் விளக்கினார்.

1947 சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேற்றப்பட்டது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் இதனை வெளியிட்டது. அடிகளின் கணக்குப்படி செய்யப்பட்ட யாழ்களை வீணைக் கலைஞர் க. பொ. சிவானந்தம் இசைத்துக் காட்டினார். அப்போது அடிகள் உடல்நலம் குன்றியிருந்தார். சில வாரங்களில், 1947 சூலை 19ஆம் நாள், காலமானார். தம் நூலைத் திருத்தவோ, செய்யப்பட்ட யாழ்களை மேலும் செம்மைப்படுத்தவோ அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. ஆகவே இந்நூலை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், ஓர் ஆராய்ச்சியின் தொடக்கமாகக் கொண்டு படிப்பதே பொருத்தமாகும்.

22 அலகும் 24 அலகும்

மேற்கண்ட இரு நூல்களையும் படிப்போர்க்கு எழும் முதல் ஐயம் இது. இதனைச் சிறிது கணக்குடன் புரிந்துகொள்ளலாம்.

பழந்தமிழ் இசையில் ஏழு சுரங்களும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப்பட்டன. இவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 அலகுகள் கூறப்படுகின்றன. இவற்றின் கூட்டுத்தொகை 22. குரலிலிருந்து இளி வரை உள்ள இடைவெளி 13 அலகுகள். இயற்கையில் இளி பிறக்கும் இடம், நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 80 செ.மீ. நீளமுள்ள தந்தியாயின், அது 53.33 செ.மீ. நீளத்தில் ஒலிக்கும்போது இளி கேட்கும்.

• எண்மத்தை 22 சமபாகங்களாகப் பிரித்து 13ஆம் பாகத்தை எடுத்தால் நீளம் சுமார் 53.11 செ.மீ. ஆகும். வேறுபாடு 2 மி.மீ.க்குச் சற்று மிகுதி. பயிற்சியுள்ள செவிக்கு இது தவறாகக் கேட்கும்.
• 24 சமபாகங்களாகப் பிரித்து 14ஆம் பாகத்தை எடுத்தால் நீளம் சுமார் 53.39 செ.மீ. ஆகும். வேறுபாடு ஏறத்தாழ 0.6 மி.மீ. மட்டுமே.

எனவே அலகுகள் யாவும் சமம் என்று கொண்டால் பண்டிதரின் 24 பொருந்தி வருகிறது. விபுலாநந்த அடிகளின் வழியில் 22 அலகுகளும் சமமானவை அல்ல, அவை இயற்கையான விகிதங்களால் பெறப்படுபவை. ஆகவே மேற்கண்ட 2 மி.மீ. பிழை அவருடைய முறையில் எழுவதில்லை. இருவரும் ஒரே பாடலடிகளைப் படித்து, ‘அலகு’ என்ற சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொண்டதே வேறுபாட்டின் வேர் எனலாம்.

வீணையில் உள்ள 24 மெட்டுகளை 24 சுருதிகளுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓர் எண்மத்திற்கு 12 மெட்டுகள் வீதம் இரண்டு எண்மங்களுக்கே வீணையில் 24 மெட்டுகள் அமைந்துள்ளன.

வீணை குறித்த நூல்கள்

17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் வேங்கடமகி வடமொழியில் இயற்றிய சதுர்தண்டி பிரகாசிகை, வீணையைப் பற்றிய இயலுடனேயே தொடங்குகிறது. 72 மேளகர்த்தாத் திட்டத்திற்கு அடிப்படையான இந்நூல், மெட்டுகளை அமைக்கும் முறையையும் விளக்குகிறது. இன்றைய தஞ்சாவூர் வீணை 24 மெட்டுகளுடன் நிலைபெற்றதை மன்னர் இரகுநாத நாயக்கரின் காலத்துடன் தொடர்புபடுத்துவது மரபு. பலா மரத்தில் செய்யப்படும் இவ்வீணையில் வாசிப்புக்கு நான்கு, தாளத்திற்கு மூன்று என ஏழு தந்திகள் உள்ளன. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் தெலுங்கில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கமகக் குறிகளுடன் தருகிறது. முத்துசாமி தீட்சிதர் வீணையில் வல்லவர். அக்கமகங்கள் வீணை வாசிப்பை அறிந்தோர்க்கு நன்கு விளங்கும். இந்நூலில் இசைவாணர்களின் வரலாறுகளும் உள்ளன. சென்னை மியூசிக் அகாதெமி இதனைத் தமிழில் வெளியிட்டுள்ளது.

ஆங்கில நூல்களில், படைத்தலைவராக இருந்த சி. ஆர். டே 1891இல் வெளியிட்ட தென்னிந்திய இசையும் இசைக்கருவிகளும் பற்றிய நூல் வண்ணப் படங்களால் சிறப்புடையது. பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி சென்னை அரசு அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். பி. சைதன்ய தேவா 1978இல் இந்திய இசைக்கருவிகளின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். இயற்பியல் மாணவர்கள் சி. வி. இராமன் 1921இல் இந்திய நரம்பிசைக் கருவிகள் குறித்து எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் தவறாமல் படிக்க வேண்டும். தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அவ்விடத்தில் கணு உடைய மேற்சுரங்கள் ஒலிக்கா என்பது பொதுவிதி. வீணை, தம்புரா ஆகியவற்றின் அகன்று வளைந்த குதிரையின்மேல் தந்தி உராய்ந்து அதிர்வதால், அவ்விதி அங்கே பொருந்தாமல் மேற்சுரங்கள் நிறைந்து ஒலிக்கின்றன என்று இராமன் காட்டினார்.

சிற்பங்களைக் கொண்டு வீணையின் வரலாற்றை எழுதும்போது கவனம் தேவை. கலைமகள் எல்லா இடங்களிலும் வீணையுடன் காட்டப்படுவதில்லை. அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில் உள்ள ஞானசரசுவதியின் கையில் இருப்பது ஓலைச்சுவடியே.

கலைஞர்களின் வரலாறுகள்

சங்கப் பாணருக்கும் இக்காலக் கலைஞருக்கும் இடையே நீண்ட இடைவெளி உள்ளது. பாணர் குடியினர் படிப்படியாக மதிப்பிழந்து, அவர்களுடன் யாழும் மறைந்தது. 20ஆம் நூற்றாண்டில்தான் நரம்பிசைக் கலைஞர்களின் தனி வரலாறுகள் பெருகின.

• வீணை தனம்மாள் (1867 - 1938): இவரைப் பற்றி லட்சுமி சுப்பிரமணியன் எழுதிய ஆங்கில நூல் 2009இல் வெளிவந்தது. இவருடைய பேத்தி நாட்டியக் கலைஞர் த. பாலசரசுவதியின் வரலாற்றை டக்ளஸ் நைட் 2010இல் வெளியிட்டார். இசையையும் நடனத்தையும் காத்த பெண்வழிக் குடும்பம் ஒன்றின் கதை இவ்விரு நூல்களிலும் கிடைக்கிறது.
• எஸ். பாலச்சந்தர் (1927 - 1990): திரைப்படத் துறையிலிருந்து வீணைக்கு வந்த இக்கலைஞரின் வரலாற்றை விக்ரம் சம்பத் எழுதியுள்ளார்.
• லால்குடி ஜெயராமன் (1930 - 2013): வயலின் கலைஞர். லட்சுமி தேவநாத் எழுதிய இவருடைய வாழ்க்கை வரலாறு 2013இல் வெளிவந்தது.

வயலின் தமிழிசைக்கு வந்த வரலாற்றில் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் குறிப்பிடத்தக்கவர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த அக்கருவி இன்று கச்சேரிகளில் நீங்கா இடம் பெற்றிருக்க, இம்மண்ணின் யாழ் நூல்களில் மட்டும் எஞ்சியது. 2020களில் சென்னையில் இசைக்கருவி வடிவமைப்பாளர் தருண் சேகர் யாழை மீண்டும் வடிவமைத்து இசைப்பதிவுகளில் பயன்படுத்தினார். இதற்கும் பழைய நூற்குறிப்புகளே வழிகாட்டின.

படிக்கும் வரிசை

இந்நூல்களைப் புதிதாகப் படிப்போர் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. என் சரித்திரம். இசைக் குடும்பத்தின் வாழ்க்கையையும் சுவடிகள் நூலான கதையையும் எளிய நடையில் கூறுவது.
2. பொருநராற்றுப்படை, நச்சினார்க்கினியர் உரையுடன். உறுப்புகளின் பெயர்களை ஒரு படமாக வரைந்துகொண்டே படித்தால் நன்கு மனத்தில் பதியும்.
3. பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரும் பகுதிகள்.
4. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் கானல்வரியும். இசைப்பகுதிகளுக்கு எஸ். இராமநாதன் எழுதிய சிலப்பதிகாரத்து இசை நுணுக்க விளக்கம் துணை செய்யும். இவர் பாடகரும் வீணைக் கலைஞருமாவார்.
5. யாழ் நூல். முதலில் யாழுறுப்பியல், பின்னர் மற்றவை.
6. கருணாமிர்த சாகரம்.

சொற்பொருள் அறிய வீ. ப. கா. சுந்தரம் தொகுத்த தமிழிசைக் கலைக்களஞ்சியம் பெரிதும் பயன்படும். நான்கு தொகுதிகளான இதனைத் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பழந்தமிழ் இலக்கியங்களையும் என் சரித்திரத்தையும் 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளாக இலவசமாகப் படிக்கலாம். ஏட்டுச் சுவடிகளைக் காண விரும்புவோர் சென்னை பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சாமிநாதையர் நூலகத்திற்குச் செல்லலாம்.